மழைக்கால மட்டக்களப்பில் வீட்டுக் கழிவுப் பொருட்களால் நத்தார் அலங்காரம்: முதன்முறை செய்பவர்களுக்கு

நான் முதன்முறையாக வீட்டிலேயே நத்தார் அலங்காரம் செய்த வருடம், இணையக் காணொளி ஒன்றைப் பார்த்து, கோதுமை மாவும் உப்பும் பிசைந்து நட்சத்திரங்களும் மணிகளும் வெட்டி, மூன்று நாட்கள் சுளகில் காயவைத்து, நூல் கோத்துச் சாளரத்தில் தொங்கவிட்டேன். டிசம்பர் பதினெட்டாம் திகதி இரவு மழை பிடித்தது. மறுநாள் காலையில் பார்த்தபோது நட்சத்திரங்களின் முனைகளில் நீர்த்துளிகள் நின்றன. மாலைக்குள் அவை நூலிலிருந்து நழுவிச் சாளரக் கட்டில் சப்பென்று கிடந்தன. மழைக்காலத்தில் நமது அடுப்படி உப்புப் போத்தல் எப்படிக் கசியும் என்பதை ஒரு நிமிடம் நினைத்திருந்தால் ஒரு கிலோ மாவை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

காணொளிகளில் வரும் பெரும்பாலான யோசனைகள் உலர்ந்த காற்றுள்ள ஊர்களுக்கு உரியவை. நமக்கோ நவம்பர் முதல் ஜனவரி வரை அடைமழைக் காலம். ஆகவே எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது ஈரத்தைத் தாங்குமா என்பதுதான். கீழே உள்ள ஒழுங்கு மூன்று வருடங்கள் தவறிச் செய்து திருத்திய பின்னர் கிடைத்தது.

1. நாட்காட்டியை முன்னே தள்ளுங்கள்

டிசம்பர் முதலாம் வாரத்தில் தொடங்கினால் எதுவும் காயாது. பசை காயாது, பெயின்ற் காயாது, கழுவிய பிளாஸ்ரிக் உறைகளின் உட்புறம்கூடக் காயாது. எனவே கழிவுப் பொருட்களைச் சேர்ப்பதை ஆகஸ்ட்டிலும், வெட்டுதல், பெயின்ற் பூசுதல், சட்டம் கட்டுதல் ஆகியவற்றை ஒக்டோபர் நடுப்பகுதிக்கு முன்னரும் முடித்துவிடுங்கள். நவம்பர் மாதத்தைத் தையலுக்கும் பின்னலுக்கும், அதாவது வெயில் தேவைப்படாத வேலைகளுக்கும் விடலாம்.

வைக்கோலுக்குத் தனிக் கவனம் வேண்டும். பாலன் குடிலுக்கு வைக்கோல் வேண்டுமென்று டிசம்பரில் வயற்காரரிடம் போனால், பெரும்போக வயல் அப்போதுதான் பச்சையாக நிற்கும். அதன் அறுவடை பெப்ரவரி, மார்ச்சில்தான். உங்களுக்குரியது ஓகஸ்ட், செப்டெம்பரில் அறுக்கும் சிறுபோக வைக்கோல். அப்போதே ஒரு கட்டு வாங்கி, நன்றாக வெயிலில் போட்டு, உரப்பையில் கட்டி அடுப்படிப் பரணில் ஏற்றிவிடுங்கள். ஈர வைக்கோலைக் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்து, குடிலைச் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் தும்முவார்கள்.

2. எதைச் சேர்ப்பது, எதை விடுவது

வீட்டின் மூலையில் ஓர் உரப்பை வையுங்கள். அதற்குள் போக வேண்டியவை: பால்மாப் பெட்டியும் அதற்குள் இருக்கும் வெள்ளிநிறப் பையும், சோடாப் போத்தல்கள், யோகட் கோப்பைகள், ரின்மீன் பேணிகள், நிறமுள்ள சொப்பிங் பைகள், பழைய சேலை, சாரம், தும்புத்தடியின் கைபிடி, கிழிந்த பன்பாய். தையற்கடையில் கேட்டால் வெட்டுத்துணிகளைப் பை நிறையத் தருவார்கள். காத்தான்குடிப் பக்கம் போகிறவர்களுக்கு அது எளிது. கல்முனைப் பக்கத்தவர்கள் மருதமுனையில் கைத்தறி நெய்பவர்களிடம் மிஞ்சிய நூற்றுண்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். நிறம் ஏற்றிய பருத்தி நூல் என்பதால் குஞ்சம் கட்டுவதற்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது.

விட வேண்டியவற்றில் முதலாவது ரெஜிபோம். பனி போலத் தெரியும் என்று உதிர்த்துத் தூவினால் அது வடிகான் வரைக்கும் போய் அடைக்கும். தீயும் இலகுவில் பற்றும். பனியே பெய்யாத ஊரில் பனி எதற்கு என்பது என் சொந்தக் கருத்து. அரிசி, பருப்பு, தேங்காய்ப்பூ போன்றவற்றை ஒட்டி அழகுபடுத்துவதும் வேண்டாம். இரண்டாம் நாளே எறும்பு வரிசை கட்டும்.

சேர்க்கும் போதே கழுவுங்கள். பால்மாப் பையை வெட்டி விரித்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, கொடியில் கவ்வி காயவிட வேண்டும். ரின்மீன் பேணியைச் சாம்பலும் தேசிக்காய்த் தோலும் போட்டு இரண்டு தடவை தேய்க்காவிட்டால், நான் பட்டதுதான் உங்களுக்கும்: வாசலில் தொங்கிய என் பேணி விளக்குகளின் கீழே அயலில் உள்ள பூனைகள் யாவும் மூன்று இரவுகள் கூட்டம் போட்டன. போத்தலில் ஒட்டிய தாளின் பசை போகாவிட்டால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஒரு மணி நேரம் விட்டுத் துடையுங்கள்.

3. பசை

இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை ஒரு கோப்பைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கண்ணாடி போல வரும்வரை கிண்டினால் பசை தயார். இறக்கும்போது அரைத் தேக்கரண்டி சீனக்காரத் தூள் சேருங்கள். பூஞ்சணமும் கரப்பானும் சற்றுத் தள்ளி நிற்கும். சிலர் மயில்துத்தம் போடச் சொல்வார்கள். அது நஞ்சு, சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இந்தப் பசை கடதாசிக்கும் துணிக்கும் மட்டும்தான். பிளாஸ்ரிக்கில் மாப்பசையும் பிடிக்காது, பைண்டர் கம்மும் பிடிக்காது; காய்ந்ததும் தோல் போல உரிந்து வரும். பிளாஸ்ரிக்கைத் தையுங்கள், கட்டுங்கள், ஸ்டேப்ளர் அடியுங்கள். ஒட்ட வேண்டாம்.

4. நட்சத்திரக் கூடு

முழு அலங்காரத்திலும் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால், உள்ளே விளக்குப் போட்டுத் தொங்கவிடும் இந்த நட்சத்திரக் கூட்டைச் செய்யுங்கள். கடையில் வாங்கும் கடதாசி நட்சத்திரம் ஒரு மழைக்குக்கூட நிற்காது.

ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் சீவிய மூங்கில் சிராய்கள் பத்து வேண்டும்; சட்டமொன்றுக்கு ஐந்தாக, இரண்டு சட்டங்களுக்கு. ஒவ்வொன்றும் சரியாக 60 சென்ரிமீற்றர். இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்: ஐந்து சிராய்களைக் கண்மதிப்பாகக் குறுக்கே வைத்துக் கட்டினால் ஒரு கால் நீண்டு, ஒரு கால் குறுகி, கூடு நொண்டும். இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு சிராயிலும் இரண்டு முனைகளிலிருந்தும் 23 சென்ரிமீற்றரில் பேனையால் ஒரு கோடு போடுங்கள். நடுவில் 14 மிஞ்சும். ஒரு சிராயின் கோடு அடுத்த சிராயின் கோட்டின் மேல் விழும்படி வைத்துக் கட்டினால், அளவுகோல் இல்லாமலே ஐந்து முனைகளும் ஒத்து வரும். வேறு அளவில் செய்வதென்றால் சிராயின் நீளத்தை 0.38 ஆல் பெருக்குங்கள். அந்த இடத்தில் கோடு.

சிராய்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், ஒரு கோட்டில் மேலாகவும் அடுத்த கோட்டில் கீழாகவும் போகும்படி பின்னுங்கள். பின்னிய சட்டம் கட்டு அவிழ்ந்தாலும் குலையாது. ஐந்து முனைகளையும் ஐந்து சந்திகளையும் நைலோன் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். இதேபோல இரண்டாவது சட்டம். பின்னர் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டி, உட்சந்திகள் ஐந்திலும் 12 சென்ரிமீற்றர் நீளமான சிறு குச்சி ஒவ்வொன்றைக் குறுக்கே கொடுத்தால், நட்சத்திரம் வயிறு ஊதி எழும். கூடு கொழுத்துத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் நான் முதலில் 20 சென்ரிமீற்றர் குச்சி கொடுத்தேன். மூன்றாவது குச்சியைச் செருகும்போது இரண்டு சிராய்கள் சடசடவென்று முறிந்தன.

இனி மூடுதல். பால்மாப் பையின் வெள்ளித் தாளைக் கண்டதும் அதையே முழுக் கூட்டுக்கும் போடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பகலில் கண்ணைப் பறித்தது. இரவு விளக்கைப் போட்டேன். கூடு இருட்டாகவே இருந்தது. அந்தத் தாள் ஒளியை ஊடுருவ விடாது என்பதை ஏணியின் மேல் நின்றுதான் உணர்ந்தேன். ஆகவே முகங்கள் இரண்டுக்கும் மெல்லிய நிறச் சொப்பிங் பை. முனைகளுக்கும் ஓரங்களுக்கும் மட்டும் வெள்ளித் தாள். வெள்ளித் தாளில் ஆணியால் வரிசையாகத் துளை குத்தினால் இரவில் புள்ளி புள்ளியாக ஒளி விழும்.

முன் முகம், பின் முகம் தவிர, இரண்டு சட்டங்களுக்கும் இடையே பத்துப் பக்க முக்கோணங்கள் வரும். அவற்றுள் கீழ்நோக்கி இருக்கும் இரண்டையும் மூடாமல் விடுங்கள். உள்ளே போன மழைநீர் வழியவும், குமிழைச் செருகவும், கை நுழையவும் அதுதான் வழி. பொலித்தீனைச் சட்டத்தின் மேல் மூன்று சென்ரிமீற்றர் மடித்து ஸ்டேப்ளர் அடியுங்கள் அல்லது நைலோன் நூலால் ஓட்டுத் தையல் போடுங்கள். மேளம் போல இறுக்க வேண்டாம். காற்று அடிக்கும்போது இறுகிய பொலித்தீன்தான் முதலில் கிழியும்.

முதன்முறை செய்பவருக்கு, சிராய் சீவித் தயாராக இருந்தால், ஒரு சனி, ஒரு ஞாயிறு போதும்.

5. விளக்கு

கூட்டுக்குள் 5 வாட்ஸ் எல்.ஈ.டி. குமிழுக்கு மேல் போடாதீர்கள். பழைய சூடாகும் குமிழ் பொலித்தீனை உருக்கிவிடும். மெழுகுதிரியை நினைக்கவே வேண்டாம். ஹோல்டர் வாய் கீழே பார்க்க வேண்டும். வயர் கூட்டுக்குள் நுழைவதற்கு முன் ஒரு முழம் கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழையுமாறு விடுங்கள். வயர் வழியே ஓடிவரும் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், ஹோல்டருக்குள் போகாது. வீட்டுக்கு வெளியே வயர்த் துண்டுகளை முறுக்கி ரேப் சுற்றி இணைக்கக் கூடாது. துண்டு விழாத ஒரே வயரை வீட்டுக்குள் இருக்கும் பிளக் வரை கொண்டு செல்லுங்கள்.

கூட்டைத் தொங்கவிடும் நாளில், வீட்டின் ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். அது விழாவிட்டால் முதலில் மின்வேலைகாரரை அழையுங்கள், அலங்காரம் பிறகு.

சரவிளக்கு வாங்குபவர்கள் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நான் வாங்கிய சரத்தில் பாதி இரண்டாம் நாளே அணைந்தது. சீட்டு இல்லை என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். வாங்கும் இடத்திலேயே கொளுவி, பத்து நிமிடம் எரியவிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

6. மரம்

கடற்கரைச் சவுக்கில் கிளை முறித்து வரும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கடற்காற்றைத் தடுக்க நட்டு வளர்த்த மரங்கள் அவை. தவிர, வெட்டிய கிளை சில நாட்களிலேயே ஊசி ஊசியாகக் கொட்டி, பாலன் பிறப்புக்கு முன்னரே குச்சியாக நிற்கும்.

சைக்கிள் திருத்தும் கடையில் பழைய றிம் ஒன்று கேளுங்கள். ஒரு பெயின்ற் வாளியில் மண் நிரப்பி, அதன் நடுவில் தும்புத்தடிக் கைபிடியை நட்டு, வாளி றிம்மின் நடுவே வரும்படி வையுங்கள். ஆரக் கம்பி போகும் துளைகள் றிம்மைச் சுற்றிச் சம இடைவெளியில் ஏற்கெனவே இருப்பதால், ஒவ்வொரு துளையிலிருந்தும் கைபிடியின் உச்சிக்குக் கயிறு கட்டினால் கூம்பு வடிவில் மரம் எழும். பச்சைச் சேலையை இரண்டு விரல் அகலத்தில் நீளமாகக் கிழித்து, கயிறுகளினூடாக உள்ளும் வெளியுமாகப் பின்னிக்கொண்டு மேலே போங்கள். ஐந்தரை மீற்றர்ச் சேலை ஒன்று இடுப்பளவு மரத்துக்குத் தாராளமாகப் போதும். சேலையை வெட்ட முன் வீட்டில் கேட்டுவிடுங்கள். எனக்குப் பழையது என்று தெரிந்தது அம்மாவுக்கு அப்படித் தெரியவில்லை.

7. பாலன் குடில்

குடிலுக்கு மட்டைப்பெட்டி எடுக்க வேண்டாம்; வீட்டுக்குள் இருந்தாலும் மழைக்கால ஈரத்தில் கூரை தொய்ந்து, சுருபங்களின் மேல் குந்திவிடும். தென்னை மட்டைத் துண்டுகளைத் தூணாக நிறுத்தி, கிழிந்த பன்பாயை வெட்டிக் கூரையாகப் போடுங்கள். பன்பாய் ஈரத்தில் வாழ்ந்த புல்லிலிருந்து வந்தது. ஒரு டிசம்பர் அதை ஒன்றும் செய்யாது. சேர்த்து வைத்த வைக்கோல் அதன் மேலும் தொட்டிலிலும்.

மலைக்குச் சீமெந்துப் பையின் கடதாசியைக் கசக்கி நிறுத்தலாம். முதலில் வெளியே கொண்டுபோய், காற்றுக்கு முதுகு காட்டி நின்று உதறுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். சீமெந்துத் தூசி கண்ணில் பட்டால் விளையாட்டல்ல. இப்போது பல பைகள் பிளாஸ்ரிக் இழையால் வருகின்றன. அவை கசங்கி நிற்காது, கடதாசிப் பையாகப் பார்த்து எடுங்கள்.

பச்சைப் புல்லுக்கு, அடியில் துளையிட்ட யோகட் கோப்பைகளில் மண் போட்டு, ஓர் இரவு ஊறவைத்த நெல்லை டிசம்பர் 14 அல்லது 15 அளவில் விதையுங்கள். இருபத்துநாலாம் திகதி இரவுக்கு விரல் உயரத்தில் நிற்கும். அதற்கு முன்னர் விதைத்தால் நீண்டு சாய்ந்துவிடும்.

8. தொங்கல்கள், ஒரு பெரிய எச்சரிக்கையுடன்

ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலைத் திருப்பி அடியைப் பாருங்கள்: பெரும்பாலும் ஐந்து இதழாக இருக்கும். அதை வெட்டி எடுத்தால் நட்சத்திரம் கைக்கு வந்துவிடும். சூடாக்கிய ஊசியால் துளை, நூல், அவ்வளவுதான். யோகட் கோப்பையைக் கவிழ்த்து உள்ளே ஒரு பழைய பொத்தானைத் தொங்கவிட்டால் மணி. பெயின்ற் பூசுவதென்றால் முதலில் அரத்தாளால் உரசுங்கள். வழுவழுப்பான பிளாஸ்ரிக்கில் பெயின்ற் தங்காது. ரின்மீன் பேணியில் துளை குத்தும்போது உள்ளே ஈரமணலை இறுக்கி நிரப்பிக்கொண்டால் தகரம் நெளியாது. வெட்டுத்துணிகளை 15 சென்ரிமீற்றர் நீளத்துக்கு நறுக்கி, பழைய கம்பி வளையமொன்றில் நெருக்கமாக முடிச்சுப் போட்டுக்கொண்டு போனால் கதவு வளையம் கிடைக்கும். பிள்ளைகளுக்குக் கொடுக்க ஏற்ற வேலை இது.

எச்சரிக்கை இதுதான்: வெளியே தொங்கும் எதுவும் வாய் மேலே பார்த்துத் தண்ணீர் பிடிக்கக் கூடாது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் அளவே போதும்; சிறிய மூடியில் தேங்கும் நீரே அதற்குத் தாராளம். போத்தல் நட்சத்திரத்தின் குழிந்த பக்கம் நிலத்தைப் பார்க்க வேண்டும். கோப்பை கவிழ்ந்தே இருக்க வேண்டும். பேணியின் அடியில் குறைந்தது மூன்று துளைகள் வேண்டும். சேர்த்து வைக்கும் போத்தல்களையும் கூரைக்குக் கீழேயே வையுங்கள். சுகாதாரப் பரிசோதகர் வந்து குடம்பியைக் கண்டால், அது அலங்காரத்துக்குச் சேர்த்தது என்ற விளக்கம் எடுபடாது; நுளம்பு பெருகுவதைத் தடுப்பதற்கென்றே 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

9. படலைக்கு வெளியே போவதானால் கடிதம்

வீட்டுக்குள் செய்வதற்கு எந்தத் தாளும் தேவையில்லை. வீதிக்குக் குறுக்கே தோரணம் கட்டுவதோ, சந்தியில் பெரிய குடில் வைப்பதோ என்றால், மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ நவம்பர் நடுப்பகுதியிலேயே எழுத்தில் விண்ணப்பியுங்கள். இடம், அளவு, கட்டும் திகதி, கழற்றும் திகதி, பொறுப்பாளரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியவை ஒரே பக்கத்தில் வரட்டும். கோயிற்பங்கின் அல்லது சங்கத்தின் கடிதத்தாளில் எழுதினால் நல்லது. இரண்டு பிரதிகள் கொண்டுபோய், ஒன்றில் கிடைத்ததற்கான முத்திரையும் திகதியும் போட்டு வாங்கி வாருங்கள். எங்கள் ஒழுங்கையில் முதல் வருடம் வாயால் மட்டும் கேட்டோம். ‘சரி’ என்றவர் டிசம்பர் இருபதில் விடுமுறையில் போய்விட்டார், அவருக்குப் பதிலாக இருந்தவருக்கு எதுவும் தெரியவில்லை, கட்டிய தோரணத்தை அன்றே அவிழ்க்க வேண்டியதாயிற்று.

மின்கம்பத்தில் எதையும் கட்டாதீர்கள். இதற்குக் கடிதமும் உதவாது.

பாடசாலை ஒளி விழாவுக்குச் செய்பவர்கள் விழாத் திகதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் நத்தாருக்கு நன்றாக முன்னரே நடக்கும். உங்கள் கணக்கில் அந்த நாட்கள் குறையும்.

10. செலவு

கடந்த முறை எனக்கு முடிந்த கணக்கு: கோதுமை மா 60 ரூபா, பைண்டர் கம் 280, நைலோன் நூல் 150, சிறிய பேணி பெயின்ற் 700, எல்.ஈ.டி. குமிழ் 450, ஹோல்டரும் ஐந்து மீற்றர் வயரும் 760. மொத்தம் 2,400 ரூபா. மூங்கில் அயல் வீட்டிலிருந்து கிடைத்தது. றிம்முக்குச் சைக்கிள் கடைக்காரர் காசு வாங்கவில்லை, ஒரு துண்டு கேக்குடன் கணக்குத் தீர்ந்தது. விலைகள் மாறும், ஆனால் பாதிக்கு மேல் விளக்குக்குத்தான் போகிறது என்பது மாறாது. அதில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். குமிழும் வயரும் அடுத்த வருடத்துக்கும் இருக்கும் என்பதால், இரண்டாம் வருடம் செலவு ஆயிரத்தைச் சுற்றியே நிற்கும்.

காசு வீணாகும் இடம் மினுக்குத் தூள், தங்கநிற ஸ்பிரே போன்றவைதான். பால்மாப் பை இருக்கும் வீட்டுக்கு இரண்டும் தேவையில்லை.

11. கழற்றி வைத்தல்

மூவிராசாக்கள் திருநாளான ஜனவரி 6 முடிந்ததும், மழை விட்ட ஒரு பகலில் எல்லாவற்றையும் இறக்குங்கள். நட்சத்திரக் கூட்டின் பொலித்தீனை உரித்து எறிந்துவிடலாம். சட்டத்தை மட்டும் துடைத்து, உலர்த்தி, ஐந்து குறுக்குக் குச்சிகளையும் கழற்றினால் தட்டையாகி அலுமாரிக்குப் பின்னால் நிற்கும். குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டி அதே சட்டத்தில் தொங்கவிடுங்கள். தனியே வைத்தால் ஒக்டோபரில் ஐந்துக்கு மூன்றுதான் கிடைக்கும். வைக்கோலை மாட்டுக்குக் கொடுக்க நினைத்தால் ஸ்டேப்ளர் ஊசி, கம்பித் துண்டு எதுவும் இல்லையென்று கையால் அளைந்து பார்த்த பிறகே கொடுங்கள். வெளியில் தொங்கிய போத்தல் நட்சத்திரங்களைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, பன்பாய்த் துண்டில் சுருட்டி உரப்பையில் கட்டி வையுங்கள். பையின் மேலே உள்ளே இருப்பவற்றின் எண்ணிக்கையை எழுதிவிட்டால், அடுத்த ஆகஸ்ட்டில் எத்தனை சேர்க்க வேண்டும் என்பது அவிழ்க்காமலே தெரியும்.